அப்பாவின் நாக்கு நிரபராதி

அன்பும் மரியாதையும் எப்போதும்போல, பயம் மட்டும் இந்த முறை புதிதாகச் சேர்த்து, சித்தப்பாவுக்கு உங்கள் வாலு எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போனது. அம்மாவுக்கு இடுப்பு வலி, தம்பி எறும்புக்குச் சளி, அப்பாவுக்குப் பேச்சு நின்றுபோயிருக்கிறது, எனக்கு மனசாட்சி உறுத்துகிறது. மற்றபடி நலம். அங்கே நீங்களும் சித்தியும், உங்கள் ஏலக்காய்ச் செடிகளும், ஊரையே பார்த்துக் குரைத்துவிட்டு என்னைப் பார்த்தால் மட்டும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் அந்த நாயும் நலமாக இருக்க வேண்டும். நாயிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதை இந்தக் கடிதத்தில் சேர்க்கவில்லை, ஏற்கெனவே இடநெருக்கடி.

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் என் கையில்தான் இருக்கிறது, நீங்கள்தான் எடுப்பதில்லை. அம்மா அடித்தால் சித்தி எடுத்து "அவரு தோட்டத்துல இருக்காருக்கா" என்கிறார். பின்னால் மழை கொட்டுகிற சத்தம் கேட்கும்போதும் நீங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறீர்கள். செய்தி அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. படித்தீர்களா, கிழித்தீர்களா, அடுப்பில் போட்டீர்களா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. தெரியாதவரைக்கும் நம்பிக்கையோடு இருக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: கடைசி வரைக்கும் படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள். பாதியில் எழுந்து போகிற பழக்கம் நம் குடும்பத்தில் சில பேருக்கு இருக்கிறது. நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்வோம். உங்கள் தோட்டத்தில், உங்கள் கையாலேயே பறித்து, உருட்டி, காயவைத்துப் போட்ட முதல் டீயை அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு "இது டீயே இல்லடா" என்று சொன்னாரே, அதற்கு அப்பா பொறுப்பில்லை. உங்கள் டீயும் பொறுப்பில்லை. குற்றவாளி நான். அப்பாவின் நாக்கு நிரபராதி. அதை நான்தான் கெடுத்தேன். எப்படி என்று சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டு படித்தால் நீங்கள் நடக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

உங்களுக்குத் தெரியாத கதையிலிருந்து தொடங்குகிறேன். நாங்கள் அங்கே வந்தது சுற்றுலா இல்லை. நீங்கள் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மலையில் தோட்டம் வாங்கப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு அப்பா "தொட்டியில வச்ச செடியே உன் கையில நிக்காது, உனக்கெல்லாம் தோட்டமா?" என்று கேட்டாரல்லவா, அதிலிருந்து இந்த வீட்டு போனில் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஓடிய மொத்த உரையாடலும் "ம்", "சரி", "அண்ணிகிட்ட குடு" என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். அப்படிப்பட்ட அப்பா, திடீரென்று ஒருநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி, "பசங்களுக்கு லீவு. தேயிலைத் தோட்டமெல்லாம் பாத்ததே இல்ல. அறிவு வளரும்" என்றார். எங்கள் அறிவு வளர்வதைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. வரைபடத்தை விரித்துவிட்டு, "அட, போற வழியில அவன் தோட்டம் இருக்கும் போலிருக்கே" என்று ஆச்சரியப்பட்டார். சித்தப்பா, உங்கள் தோட்டம் எந்த ஊருக்குப் போகிற வழியிலும் இல்லை. வழி முடிகிற இடத்தில் இருக்கிறது. அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், எறும்புக்கும் தெரியும். என் தம்பிக்குச் சர்க்கரை டப்பாவைத் தாண்டி ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

கிளம்புகிற அன்றைக்கு அப்பா புதுச் சட்டை போட்டார். மடிப்புக் கோடு உடம்பில் நிற்கிற சட்டை. கல்யாண வீட்டுக்குக்கூட சென்ட் போடாதவர் பாட்டிலில் பாதியைக் கவிழ்த்துக்கொண்டார். காருக்குள் நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே தலையை வைத்துக்கொண்டு வந்தோம், இயற்கையை ரசிக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். மலை ஏற ஏற எறும்பு "டீ எங்கக்கா இருக்கு?" என்று கேட்டான். நான் "பை பையாத் தொங்கும்டா, நூல் இருக்கும் பாரு" என்று சொல்லிவைத்தேன். அவன் முதல் தோட்டத்தில் இறங்கி, ஒவ்வொரு செடியாகக் குனிந்து நூலைத் தேடி, கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிக்கிற அளவுக்குத் தேடினான். அதில் ஒருத்தர் "தம்பி, நூல் வச்ச செடி அடுத்த வருஷம்தான் காய்க்கும்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அந்த மலையே சொந்த ஊர்போலத் தோன்றிவிட்டது.

அங்கேயே தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டினார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அக்கா கூட்டிப்போனார். மாடியில் நீளமான தொட்டிகளில் பச்சை இலையைப் பரப்பி வாட விடுவார்களாம். படிக்கட்டில் கால் வைத்த அப்பாவை அந்த அக்கா கையை நீட்டி நிறுத்திவிட்டார். மூக்கை ஒருதரம் இழுத்தார். "சார், நீங்க கீழயே இருங்க. தேயிலை மாதிரி ஒரு திருடன் கிடையாது. பக்கத்துல என்ன வாசனை இருந்தாலும் உள்ள இழுத்து வச்சுக்கும். நாளைக்கு எங்க டீயைக் குடிக்கறவங்க உங்க சட்டையைக் குடிப்பாங்க." வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அதில் என் சிரிப்புத்தான் பெரியது. அப்பா கீழே, குடைகள் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், குடையோடு குடையாக நின்றார். உங்களுக்காகப் போட்ட சென்ட் என்று அவர் சொல்லவில்லை. நானும் அப்போது யோசிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

பிறகு உங்கள் வாசல். அதை மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் "வா" என்றீர்கள். அப்பா "வந்துட்டேன்" என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவ்வளவுதானா என்று நான் வாயைப் பிளந்து நிற்க, நீங்கள் அவர் பையை வாங்கப் போனீர்கள், அவர் கொடுக்கவில்லை, நீங்கள் விடவில்லை, "குடுண்ணா", "இருக்கட்டும்டா", "குடுங்கறேன்ல", "விடுங்கறேன்ல" என்று இழுத்து, பையின் காது அறுந்து, அப்பாவின் பனியன் துண்டெல்லாம் படியில் உருண்டது. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினீர்கள். தலையோடு தலை முட்டியது. அப்போது நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு ஒரே சிரிப்பு சித்தப்பா, மூக்கால் தொடங்கி வாயில் முடிகிறது. எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக அந்தச் சிரிப்பை யாரும் கேட்கவில்லை. அம்மா சட்டென்று திரும்பிக்கொண்டு, நன்றாகக் கட்டியிருந்த புடவைத் தலைப்பை மறுபடியும் சரிசெய்தாள்.

அதற்கப்புறம் நீங்கள் தோட்டத்தைச் சுற்றிக் காட்டியதுதான் அந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த நேரம். ஒவ்வொரு இலையாகக் கசக்கி அப்பாவின் மூக்கின்கீழ் நீட்டி "என்ன சொல்லு?" என்று கேட்டீர்கள். அவர் ஜாதிக்காயைப் பட்டை என்றார், பட்டையைக் கிராம்பு என்றார், மிளகுக் கொடியை வெற்றிலை என்று அடித்துச் சொன்னார், தப்பு என்று தெரிந்ததும் "அதோட தூரத்துச் சொந்தம்தான்" என்று சமாளித்தார். சரக்கு வைக்கிற அறையையும் திறந்து காட்டினீர்கள். சுவரோரமாகக் கிராம்பு மூட்டை, மிளகு மூட்டை, ஏலக்காய்த் தட்டு. அதற்கு மேலே கட்டிய பரணில் உங்கள் தேயிலை காய்ந்துகொண்டிருந்தது. "இடத்தை வீணடிக்கக் கூடாதுல்ல" என்று பெருமையாகச் சொன்னீர்கள். எறும்பு உள்ளே நுழைந்ததும் தொடர்ந்து தும்மினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீங்கள் மட்டும் ஒன்றுமே இல்லாததுபோல நின்று மூச்சை நன்றாக இழுத்து, "இங்க ஒரு வாசனையும் இல்லையே, உங்களுக்கு மட்டும் எப்படித் தும்மல் வருது?" என்று கேட்டீர்கள். அப்பா பரணை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

வேலியோரம் வந்தபோதுதான் விதி கொடி ரூபத்தில் படர்ந்திருந்தது. நீங்கள் ஒரு இலையைக் கிள்ளி எறும்பிடம் கொடுத்து "நல்லா மென்னு முழுங்கு" என்றீர்கள். பிறகு ஒரு ஸ்பூன் சர்க்கரையை அவன் வாயில் போட்டீர்கள். அவன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "மண்ணு! சித்தப்பா மண்ணு குடுத்துட்டாரு!" என்று அழுதான். சர்க்கரைக்கொல்லி என்று அதற்குப் பேர் சொன்னீர்கள். அதை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாதாம். என் தம்பிக்கு உலகத்தில் இருக்கிற ஒரே சொத்து சர்க்கரை. அது கண்ணெதிரே மண்ணாகிப்போனதும் அவன் அழுதது நியாயம். நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். நான் பின்தங்கினேன். நான் பின்தங்கினால் ஏதோ நடக்கப்போகிறது என்று நாய்க்குத் தெரிந்திருந்தது. உங்களுக்குத்தான் தெரியவில்லை.

ஒரு கொத்தைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டேன். கெட்ட எண்ணம் சத்தியமாக இல்லை. நீங்கள் டீ கொடுப்பீர்கள், அப்பா "சர்க்கரை போடலையா?" என்பார், நீங்கள் போடுவீர்கள், அவர் "இன்னும்" என்பார், நீங்கள் இன்னும் போடுவீர்கள், டம்ளரில் ஸ்பூன் நட்டுக்க நிற்கும்போது நான் எழுந்து நின்று உண்மையைச் சொல்வேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். இதுதான் திட்டம். ஆனால் அப்பாவை ஒரு இலையை மெல்ல வைப்பது எப்படி? கீரையையே அவர் ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறவர். அப்போது வெயில் அவர் உச்சந்தலையில் பட்டு என் கண்ணில் அடித்தது. வழி பிறந்துவிட்டது.

"அப்பா, இந்த இலையை மென்னா முடி வளருமாம்."

"யார் சொன்னா?"

"தொப்பி அக்கா. அவங்க தொப்பிக்குள்ள பாத்தீங்களா, எவ்வளவு முடி?"

அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். "எங்க, ஒண்ணு குடு பாப்போம்." மென்றார். கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு போதுமா?" என்று கேட்டு, நான் பதில் சொல்லுமுன் கொத்திலிருந்து பாதியை வாங்கி வாயில் அடைத்துக்கொண்டார். "உங்கம்மாகிட்ட சொல்லாதே. சித்தப்பாகிட்டயும் சொல்லாதே. கிண்டல் பண்ணுவான்." நான் வாக்குக் கொடுத்தேன். இதோ மீறுகிறேன்.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும், ஆனால் நீங்கள் பார்த்தது உங்கள் பக்கத்திலிருந்து. நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். நீங்கள் சித்தியை அடுப்புப் பக்கமே விடவில்லை. ஆவி வந்ததும் குனிந்து மணியைப் பார்த்தீர்கள், வடிகட்டியைத் துணியால் துடைத்தீர்கள், பால் விட்டீர்கள். "அண்ணனுக்கு ரெண்டு ஸ்பூன், தூக்கலா" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு சர்க்கரை போட்டீர்கள். இத்தனை வருஷம் பேசாமல் இருந்தாலும் அவர் சர்க்கரைக் கணக்கு உங்களுக்கு மறக்கவில்லை. அந்த இரண்டு ஸ்பூனைத்தான் நான் மண்ணாக்கிவிட்டேன் என்று நினைக்கும்போது, அடுத்த வரி எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. "சித்தி, உங்களுக்கு டீ?" என்று கேட்டேன். சித்தி, "எனக்கு காபிதாம்மா ஒத்துக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார்.

அப்பா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். நீங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், பரீட்சை முடிவு வருகிற அன்றைக்கு நான் அப்பாவைப் பார்க்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் என் டம்ளரை ஜன்னலுக்கு வெளியே ரோஜாச் செடியில் கவிழ்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா தன் டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு "நல்லா இருக்கு தம்பி" என்றாள். அப்போதுதான் அப்பா கண்ணைத் திறந்து சொன்னார்.

"டேய், இது டீயே இல்லடா."

"என்னண்ணா?"

"இல்லடா, நான் என்ன சொல்றேன்னா..."

"வேண்டாம்ணா. நீ சொல்ல வேண்டாம். நான் செய்யறது எதுவுமே உனக்குப் பிடிக்காது. தொட்டிச் செடியிலருந்து இதே கதைதான்."

நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நான் எழுந்து நின்று உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். திட்டத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் திட்டத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்காத அறையில் எழுந்து நிற்பது எப்படி என்று நான் ஒத்திகை பார்க்கவில்லை சித்தப்பா. காலை மடக்கி உட்கார்ந்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றுக்கும் எனக்கு வாய் இருக்கிறது என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அது எங்கே போனது என்று தெரியவில்லை.

அப்புறம் எல்லாம் தலைகீழ். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு "கிளம்பலாம்" என்றார். சித்தி தடுத்துப் பார்த்தார், அம்மா கெஞ்சிப் பார்த்தாள், எறும்பு நாயைக் கூட்டிப்போகலாம் என்று அழுதான், நாய் வேண்டாம் என்று அழுதது. அப்பா காரைப் பின்னால் எடுக்கையில் உங்கள் மிளகு காயவைத்த பாயில் ஒரு சக்கரம் ஏறியது. நிறுத்தி இறங்கி, மண்டி போட்டு, சிதறிய மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாயில் போட்டார். நீங்கள் மேலே கொடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தீர்கள், முதுகைக் காட்டிக்கொண்டு. திரும்பியிருந்தால் பார்த்திருப்பீர்கள். மலை இறங்கும்போது அம்மா அவர் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டாள், பேச்சு வருமா என்று பார்க்க. "சே, என்ன இப்படித் திகட்டுது" என்று ஜன்னல் வழியே துப்பினார். அவ்வளவுதான். வீடு வரும்வரை வேறு பேச்சில்லை. இனிப்புக்கூட வேண்டாத அளவுக்கு மனசு உடைந்துவிட்டது என்று நினைத்து நான் பின்சீட்டில் எறும்பின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவன் சளியை என் தலையில் துடைத்தான். எனக்கு நன்றாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால், சித்தி அம்மாவுக்குத் தெரியாமல் உள்ளே வைத்த டீ பாக்கெட். லேபிளில் அப்பா. சித்தி வரைந்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. மீசை, மூக்குக்கண்ணாடி, எல்லாம் அச்சு அசல், தலை நிறைய முடி மட்டும் உங்கள் அன்பளிப்பு. கீழே "அண்ணன் டீ" என்று போட்டிருந்தது. அவர் டீயைப் பாராட்டியதும் எடுத்துக் காட்டலாம் என்று வைத்திருந்தீர்களாமே. சித்தி போனில் சொன்னார். அதோடு, நீங்கள் தேயிலைத் தட்டுகளைச் சாக்குப் போட்டு மூடிவிட்டதாகவும், பழைய ஆபீசில் இடம் இருக்கிறதா என்று விசாரித்ததாகவும் சொன்னார். அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். அவர் போனை எடுத்தார், உங்கள் பேரைத் தேடி எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். இது தினமும் நடக்கிறது. ஒருநாள் தைரியம் வந்து அழுத்திவிட்டார். நீங்கள் எடுக்கவில்லை.

அதனால் சித்தப்பா, காலைப் பிடித்துக் கேட்கிறேன், கால் தூரமாக இருப்பதால் கடிதத்தில் கேட்கிறேன்: கோபத்தை முழுசாக என் பேருக்கு மாற்றிவிடுங்கள். சாக்கை எடுத்துவிடுங்கள். ஆபீசுக்குப் போகாதீர்கள், அங்கே இலையைக் கசக்கி மோந்து பார்த்தால் வேறு மாதிரி நினைப்பார்கள். அப்பாவின் நாக்கு மட்டும் சரியாக இருந்திருந்தால் அன்றைக்கே "அடடா" என்றிருக்கும், நீங்கள் லேபிளைக் காட்டியிருப்பீர்கள், நாங்கள் லீவு முடியும்வரை அங்கேயே இருந்திருப்போம். அதைக் கெடுத்தவள் நான். இனி என் வாழ்நாளில் யாருக்கும் எந்த இலையும் கொடுக்க மாட்டேன், கறிவேப்பிலை உட்பட.

சித்திக்கு என் முத்தம். ஏலக்காய்ச் செடிகளுக்கு என் விசாரிப்பு. ரோஜாச் செடி பிழைத்ததா என்று எழுதவும். உங்கள் மனசும் குளிர்ந்து, மழையும் அளவோடு பெய்து, அந்த மலையில் எல்லாம் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாலு
(தற்சமயம் சுருட்டி வைக்கப்பட்டுள்ளது)

பி.கு.: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். உறையை ஒட்டுமுன், சாட்சிக்கு ஒரு இலையையும் உள்ளே வைக்கலாம் என்று ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். மீதி இலைகள் அதில்தான் காய்ந்துகொண்டிருந்தன. வைப்பதற்கு முன் ஒன்றை மென்று பார்த்தேன். மென்றபடியே, விடிந்தும் விடியாமலும் சர்க்கரை எடுக்கச் சமையலறைக்குப் போனால், அங்கே அப்பா அடுப்பெதிரே நிற்கிறார், எறும்பு மேடையில் உட்கார்ந்து ஸ்பூனை நக்குகிறான்.

"என்னப்பா பண்றீங்க?"

"தண்ணி சுட வைக்கிறேன்."

"தண்ணி ஏன் சிவப்பா இருக்கு?"

எறும்பு சொன்னான், "சித்தப்பா டீக்கா. தினமும் அம்மா எழுந்துக்கறதுக்கு முன்னாடி போடறாரு. சொல்லாம இருக்க எனக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை."

நான் டப்பாவில் விரலை விட்டுச் சர்க்கரையை வாயில் போட்டேன். இனித்தது. இன்னும் கொஞ்சம் போட்டேன். இன்னும் இனித்தது. இலையை எறும்பிடம் காட்டினேன். அவன் தடவிப் பார்த்துவிட்டு, "ஐய, சித்தப்பா குடுத்தது சொரசொரன்னு இருந்துச்சு, இது வழவழன்னு இருக்கு. இது பக்கத்துல இருந்த கொடி" என்றான். சித்தப்பா, எனக்கு மலையே சுற்றியது. அப்படியானால் அப்பாவின் நாக்கு அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. இல்லாவிட்டால் காரில் மிட்டாய் எப்படித் திகட்டும்? நான்தான் யோசிக்கவில்லை.

"அப்பா," என்றேன், "உண்மையைச் சொல்லுங்க. அந்த டீ எப்படி?"

"கண்றாவி" என்றார். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, நாங்கள் ஊர் திரும்பியதிலிருந்து பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார். "கிராம்பு மூட்டைக்கு மேல பரண் போட்டு டீ இலையைக் காயவைக்கிறான். தொப்பிக்காரம்மா என் சட்டை வாசனைக்கே என்னைக் குடைகூட நிக்க வச்சா. இவன் டீ மூட்டை மூட்டையாக் கிராம்பைக் குடிச்சிட்டு உக்காந்திருக்கு. அதுலயே கிடந்து கிடந்து அவன் மூக்குக்குத் தெரியல. 'இது டீயே இல்லடா, கிராம்புத் தண்ணிடா, இலை நல்ல இலை, பரணை மட்டும் வேற அறைக்கு மாத்து'ன்னு சொல்ல வந்தேன். முதல் வார்த்தையிலயே எழுந்து போயிட்டான்."

"பின்னாடியே போய் மிச்சத்தைச் சொல்லியிருக்கலாம்ல?"

"அவன்தானே எழுந்து போனான்? நான் எப்படிப் போறது?"

கேட்டுவிட்டு அப்பா டீயை டம்ளரில் ஊற்றினார். பாக்கெட்டைப் பார்த்தேன்; மேலே பிரித்தால் லேபிள் கிழியும் என்று அடியில் பிளேடால் கீறியிருந்தார். ஒரு வாய் குடித்தார், முகம் அஷ்டகோணலானது, இன்னொரு வாய் குடித்தார்.

"நல்லா இல்லன்னா ஏம்ப்பா குடிக்கறீங்க?"

"பழகிக்க வேண்டாமா? அவன் பிடிவாதக்காரன். பரணை மாத்தலன்னா, காலம் பூரா நான் இதைத்தானே குடிச்சாகணும்."

அம்மாவை எழுப்பிக் கேட்டேன். "நல்லா இருக்குன்னுதானே சொல்ல முடியும்? ஒரே மூச்சுல குடிச்சேனே, பாக்கலையா?" என்றாள். சித்தி ஏன் தனியாகக் காபி போட்டார் என்பதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இன்னொரு குடும்பச் சண்டைக்குத் தெம்பில்லை.

முழுசாகத் திருப்பி எழுதக் கை வலிக்கிறது. ஆகையால் மேலே குற்றவாளி என்று என் பேர் இருக்கிற இடத்திலெல்லாம் கிராம்பு என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். மன்னிப்பை மட்டும் திருத்த வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். இலை பொய்யானாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது பொய்யில்லை. அந்த வழவழப்பான கொடி என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள். விஷமில்லை என்பது அப்பா நடமாடுவதில் தெரிகிறது. ஆனால் தினமும் கண்ணாடியில் உச்சந்தலையைத் தடவிவிட்டு "லேசா முளைக்கற மாதிரி இல்ல?" என்று கேட்கிறார். நான் ஆமாம் என்று சொல்லிவருகிறேன்.

பாக்கெட் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு போன் அடித்தால் எடுங்கள். முதலில் "ம்" என்றுதான் வரும். அதற்கே எழுந்து போய்விடாதீர்கள். அப்பாவுக்கு இரண்டாவது வார்த்தை வரக் கொஞ்சம் நேரமாகும்.